மெஷின் "நில்" என்றது: ஸ்மைலர் ரோலர் கோஸ்டர் விபத்து, 2015

2015 ஜூன் 2, மதியம். இங்கிலாந்தில் ஸ்டாஃபர்ட்ஷயர் பக்கம் இருக்கும் ஆல்டன் டவர்ஸ் தீம் பார்க். அங்கே ஸ்மைலர் என்ற ரோலர் கோஸ்டரின் லிஃப்ட்டில், அதாவது ரயிலை உச்சிக்கு இழுத்துச் செல்லும் ஏற்றத்தில், 16 பேரை ஏற்றிய ஒரு ரயில் நின்றுகொண்டிருக்கிறது. பழுதாகி நிற்கவில்லை. கம்ப்யூட்டர் நிறுத்தி வைத்திருக்கிறது, ஏனென்றால் முன்னால் தடத்தில் ஒரு காலி ரயில் பாதியில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது என்பது அதற்குத் தெரியும். கீழே இருந்த இன்ஜினியர்களுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் கம்ப்யூட்டரின் தடையை மீறி ரயிலை விட்டார்கள்.

விபத்து இவ்வளவுதான். ஆனால் இதை இப்படி மூணு வரியில் சொல்லி முடித்தால் "இன்ஜினியர் தப்புப் பண்ணிட்டான்" என்ற இடத்தில் வந்து நின்றுவிடுவோம், பார்க்கை நடத்திய நிறுவனமும் முதலில் அங்கேதான் நின்றது. நான் இதை விரிவாக எழுத உட்கார்ந்ததே அந்த முடிவு தப்பு என்று நினைப்பதால்தான். நான் மட்டும் நினைக்கவில்லை, பின்னால் ஒரு நீதிபதியும் அதையே சொன்னார்.

முதலில் ஸ்மைலர் எப்படிப்பட்ட வண்டி என்று பார்த்துவிடலாம்.

உலகத்தின் மிரட்டலான ரோலர் கோஸ்டர்கள் என்று யாராவது பட்டியல் போட்டால் பெரும்பாலும் உயரமும் வேகமும்தான் அதில் இருக்கும். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருந்த கிங்டா கா 139 மீட்டர் உயரம், மணிக்கு 206 கி.மீ. வேகம், அபுதாபியின் ஃபார்முலா ரோஸா மணிக்கு 240 கி.மீ. இந்தப் பந்தயத்தில் ஆல்டன் டவர்ஸால் கலந்துகொள்ளவே முடியாது. அது கிராமத்துக்குப் பக்கத்தில், காடும் பழைய மாளிகையுமாக இருக்கும் இடம், மரங்களின் தலைக்கு மேல் எதுவும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று கட்டுப்பாடு. அதனால் அந்தப் பார்க்கின் ஆட்கள் பல வருஷமாகவே குழி தோண்டிக் கோஸ்டர் கட்டுவதில் கெட்டிக்காரர்கள், 1994-ல் வந்த நெமிசிஸ் அப்படிப் பாறையை வெட்டி இறக்கியதுதான். மேலே போக முடியாதா, சரி, சுற்றுவோம் என்று 2013-ல் அவர்கள் கொண்டுவந்ததுதான் ஸ்மைலர். உயரம் வெறும் 30 மீட்டர், வேகம் 85 கி.மீ., ஆனால் 1,170 மீட்டர் தடத்தில் 14 முறை தலைகீழாகப் போவீர்கள். அது உலக சாதனை. ஜெர்மனியின் கெர்ஸ்ட்லாவர் கம்பெனி கட்டியது, செலவு 1.8 கோடி பவுண்டு.

வீடியோவில் பார்த்தால் ஒரு தட்டு இடியாப்பத்தைக் குழிக்குள் கொட்டின மாதிரி இருக்கும், எந்தத் தடம் எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடர்வதே கஷ்டம். இந்த இடியாப்பத்தில் ஒரே நேரத்தில் ஐந்து ரயில்கள் வரைக்கும் ஓட்டலாம், ரயிலுக்கு 16 பேர், நாலு நாலாக நாலு வரிசை. ஆரம்பத்திலேயே கொஞ்சம் தொல்லை கொடுத்த வண்டி வேறு: திறந்த வருஷமே நவம்பரில் சக்கரங்கள் கழன்று வந்து முன்வரிசையில் இருந்தவர்கள் மேல் பட்டு நாலு பேருக்குக் காயம். அதற்கும் 2015 விபத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் ஒரு விஷயம் ஞாபகத்தில் இருக்கட்டும், அடிக்கடி நின்று நின்று ஓடும் ஒரு மெஷினோடு தினமும் வேலை பார்ப்பவர்களுக்கு அது "நிற்கிறேன்" என்று சொல்வது பெரிய செய்தியாகவே தெரியாது. இது என் ஊகம்தான், ஆனால் எந்த ஆபீஸ் லிஃப்ட்டில் வேலை பார்ப்பவரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

பிளாக் என்றால் என்ன

இதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. ஐந்து ரயில்கள் ஒரே தடத்தில் ஓடினால் ஒன்றை ஒன்று எப்படி இடிக்காமல் இருக்கும்? ஸ்மைலர் மாதிரி கோஸ்டரின் ரயிலில் டிரைவர் கிடையாது, இன்ஜின் கிடையாது, பிரேக் கூட வண்டியில் இல்லை, தடத்தில்தான் இருக்கிறது. லிஃப்ட்டை விட்டுக் கீழே இறங்கிவிட்டால் அடுத்த பிரேக் வரும்வரை அதை நிறுத்த யாராலும் முடியாது. அதனால் தடத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு பிளாக். ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ரயில்தான் இருக்கலாம், ஒவ்வொரு பிளாக்கின் முடிவிலும் ரயிலை நிறுத்தக்கூடிய ஏதாவது ஒன்று இருக்கும், பிரேக்கோ லிஃப்ட்டோ. முன்னால் போன ரயில் அந்தத் துண்டை விட்டு வெளியேறிவிட்டது என்று சென்சார் சொன்னால்தான் பின்னால் இருப்பது உள்ளே நுழையலாம்.

ரயில்வேயில் இருந்து வந்த பழைய யோசனை இது. ஒற்றைத் தடத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் டிரைவர் கையில் வளையத்தோடு ஒரு டோக்கனைக் கொடுப்பாரே, அது இருந்தால்தான் அடுத்த ஸ்டேஷன் வரை போகலாம், அதே கணக்குதான். இங்கே டோக்கனைக் கையில் வைத்திருப்பது கம்ப்யூட்டர்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இந்த முறை ரயில் எப்போதும் ஒழுங்காகப் போய்ச் சேரும் என்று நம்பிக் கட்டப்பட்டது இல்லை. போய்ச் சேராது என்று நினைத்துக் கட்டியது. கிங்டா காவில் ரயிலைத் தரையிலிருந்து உந்தி 139 மீட்டர் உச்சிக்கு ஏற்றுவார்கள், சில நாள் காற்று எதிர்த்தால் உச்சியைத் தாண்டாமல் அப்படியே பின்னோக்கி வழுக்கி வரும். பார்ப்பவர்களுக்கு உயிர் போய்விடும், ஆனால் அது விபத்து இல்லை, அதற்கென்றே தடத்தில் காந்த பிரேக்குகள் எழும்பி நின்று ரயிலை மெல்லப் பிடித்துக்கொள்ளும். ரசிகர்கள் அப்படி ஒன்று தங்களுக்குக் கிடைக்காதா என்று காத்திருப்பார்கள். அதாவது எவ்வளவு பயங்கரமான கோஸ்டராக இருந்தாலும் அது தோற்றுப்போகும் விதங்களை முன்கூட்டியே எண்ணி வைத்திருப்பார்கள். எண்ணாமல் விட்டதுதான் ஆபத்து. ஜப்பானில் ஃபுஜி-கியூ பார்க்கில் ஓடிய டோ-டோடோன்பாவில் தடமும் ரயிலும் நன்றாகத்தான் இருந்தன, இரண்டு வினாடிக்குள் 180 கி.மீ. வேகத்துக்குப் பாயும் வண்டி, ஆனால் ஏறியவர்களில் சிலருக்கு எலும்பு முறிந்தது என்ற புகார்கள் வந்து 2021-ல் நிறுத்தினார்கள், பிறகு திறக்கவே இல்லை. அது வேறு கதை.

ஸ்மைலரில் நடந்தது எண்ணி வைத்திருந்த தோல்விதான். ரயில் பாதியில் நின்றுவிடும் என்பது எதிர்பார்த்ததே. நின்றால் பின்னால் வருவதை நிறுத்த வேண்டும். நிறுத்தியது.

அன்றைக்கு என்ன ஆனது

காலையிலிருந்து ஸ்மைலரில் நாலு ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. மதியம் ஒரு மணி வாக்கில் ஏதோ தொழில்நுட்பக் கோளாறு, ரைடை நிறுத்தி இன்ஜினியர்களை அழைத்தார்கள். எப்படியும் நின்றிருக்கிறது, வெளியே வரிசை நீண்டுகொண்டே போகிறது என்பதால் இந்த இடைவெளியில் ஐந்தாவது ரயிலையும் தடத்தில் ஏற்றினார்கள். அதில் தவறொன்றும் இல்லை, வண்டி ஐந்துக்குத்தான் கட்டப்பட்டது. தவறு எங்கே என்றால் தடத்தில் இப்போது ஐந்து இருக்கின்றன என்ற கணக்கு அங்கே நின்ற எல்லோருடைய தலையிலும் ஒன்றாக இல்லை.

ஆளில்லாத ஒரு ரயிலைச் சோதனை ஓட்டமாக அனுப்பினார்கள். அது சுற்றை முடிக்கவில்லை. இரண்டு மேடுகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில், ஒரு பக்கம் ஏறிப் பார்த்து முடியாமல் திரும்பி, மறுபக்கம் ஏறிப் பார்த்து, கடைசியில் அடியில் உட்கார்ந்துவிட்டது. அன்றைக்குக் காற்று பலம். இந்த ரைடை மணிக்கு 34 மைலுக்கு மேல் காற்று அடித்தால் ஓட்டாதீர்கள் என்பது கட்டியவர்களின் அறிவுரை, அன்று அடித்ததோ 45 மைல் அளவுக்கு என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. காலி ரயில் என்பதும் கூடச் சேர்ந்துகொண்டது. காற்றின் எதிர்ப்பு எல்லா ரயிலுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஆள் ஏறிய ரயிலுக்கு எடை அதிகம், அதே எதிர்ப்பு அதன் வேகத்தைக் குறைவாகவே தின்னும். லேசான ரயிலுக்கு மூச்சு சீக்கிரம் வாங்கும். ஆக, "எதற்கும் காலியாக ஒன்றை அனுப்பிப் பார்ப்போம்" என்று அனுப்புகிறோமே, பள்ளத்தில் உட்கார அதிக வாய்ப்புள்ள ரயில் அதுதான். சோதனைக்கு அது நல்லதும்கூட, மாட்டினால் காலி ரயில்தானே மாட்டும், ஆனால் மாட்டியது என்று யாருக்காவது தெரிய வேண்டும்.

தெரியவில்லை. அடுத்து 16 பேரை ஏற்றிய ரயில் கிளம்பியது. கம்ப்யூட்டர் அதை லிஃப்ட்டில் நிறுத்தியது. முன் பிளாக்கில் ரயில் இருக்கிறது, விட மாட்டேன்.

இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். இன்ஜினியர்கள் பார்வையில் யோசியுங்கள். சற்று முன்னால்தான் மெஷினில் ஏதோ கோளாறு, சரிசெய்து முடித்திருக்கிறார்கள். அவர்கள் கணக்குப்படி முன்னால் தடம் காலி. மெஷின் மட்டும் இருக்கிறது என்கிறது. யாரை நம்புவது? மேலே ஜனங்கள் காற்றில் தொங்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள், கீழே வரிசையில் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மெஷின் உளறுகிறது என்று முடிவு செய்தார்கள், மானுவலாகத் தடையை மீறினார்கள். மதியம் 1.50-க்குச் சற்றுப் பின் ரயில் லிஃப்ட்டைத் தாண்டி இறங்கியது.

அதற்கப்புறம் எதையும் நிறுத்த முடியாது, மேலே சொன்னேனே, ரயிலில் பிரேக் இல்லை.

மோதலின் பலத்தை நீதிமன்றத்தில் விளக்கும்போது, ஒன்றரை டன் எடையுள்ள கார் மணிக்கு 90 மைல் வேகத்தில் மோதுவதற்குச் சமம் என்றார்கள். கோஸ்டர் 90 மைல் வேகத்தில் போகவில்லை, போகவும் போகாது; மோதலில் இருந்த ஆற்றலை நமக்குப் புரிகிற மாதிரி சொன்ன கணக்கு அது. ரயிலில் இருந்த எல்லோருக்கும் காயம், ஐந்து பேருக்குப் பலத்த காயம். அடியின் பெரும்பகுதி முன்வரிசையில் விழுந்தது. இரண்டு இளம்பெண்களுக்கு ஆளுக்கு ஒரு காலை எடுக்க வேண்டி வந்தது.

பிறகு மீட்பு. அவசர உதவிக்கு 999-க்கு முதல் அழைப்பு போனது மோதி 17 நிமிஷம் கழித்து. பதினேழு. தீம் பார்க்கின் நடுவில், நூற்றுக்கணக்கான பேர் கண்முன்னால் நடந்த விபத்து. ரயில் தரையிலிருந்து சுமார் ஆறு மீட்டர் உயரத்தில், சாய்வாக, இடியாப்பத்தின் நடுவே நின்றது, அங்கே போய்ச் சேரத் தயாராக எந்த வழியும் கட்டி வைத்திருக்கவில்லை, தீயணைப்பு வீரர்கள் மேடை அமைத்து ஏற வேண்டியிருந்தது. கடைசி ஆளை இறக்கும்வரை நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அடிபட்டவர்கள் அத்தனை நேரமும் அந்த இருக்கையிலேயே மாட்டியிருந்தார்கள், மருத்துவர்கள் தொங்கியபடியே சிகிச்சை கொடுத்தார்கள். இந்தப் பகுதியை நான் அதிகம் விவரிக்கப் போவதில்லை.

பழி யார் தலையில்

பார்க்கை ஒரு வாரம் போல மூடி ஜூன் 8-ல் திறந்தார்கள், ஸ்மைலர் மட்டும் திறக்கவில்லை. பார்க்கை நடத்திய மெர்லின் குழுமம் தன் வேறு பார்க்குகளிலும் இதே மாதிரி பல ரயில்கள் ஓடும் சில ரைடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. கூட்டம் குறைந்தது, அக்டோபரில் ஆல்டன் டவர்ஸில் 190 பேர் வரை வேலையிழக்கலாம் என்ற அறிவிப்பு வந்தது. நவம்பர் மாதம், மெர்லின் நிறுவனம் தன் உள் விசாரணையின் முடிவை வெளியிட்டது: மனிதத் தவறு. ஊழியர்கள் தவறாகப் புரிந்துகொண்டு, நடைமுறைகளைச் சரியாகப் பின்பற்றாமல் தடையை மீறிவிட்டார்கள்.

பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பாதி.

பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எச்.எஸ்.இ. தனியாக விசாரித்தது. தடத்தில் குறையில்லை, ரயிலில் குறையில்லை, கம்ப்யூட்டரில் குறையில்லை. தடையை மீறிய இன்ஜினியர்களுக்கு அது பாதுகாப்பானதுதானா என்று உறுதிசெய்துகொள்ளத் தேவையான அறிவும் இல்லை, ஏன் இல்லை என்றால் அதை அவர்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடே அங்கே இல்லை. இப்படி ஒரு தடை வந்தால் என்ன செய்யணும், யார் முடிவெடுக்கணும், முடிவெடுக்கும் முன் தடம் முழுக்கக் கண்ணால் பார்த்தாயிற்றா என்று யார் கேட்கணும், ஆள் உட்கார்ந்திருக்கும்போது இதைச் செய்யலாமா, எதற்கும் உறுதியான வழிமுறை இல்லை. பயிற்சியிலிருந்து பழுது நீக்குவது வரை மொத்த ஏற்பாடும் ஒரு தவறு இன்னொரு தவறாக வளர்வதைத் தடுக்கும் அளவுக்கு வலுவாக இல்லை என்பதுதான் கண்டறிந்தது.

2016 பிப்ரவரியில் வழக்குப் போடப்போவதாக அறிவித்தார்கள், ஏப்ரலில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது, செப்டம்பர் 27-ல் ஸ்டாஃபர்ட் கிரவுன் நீதிமன்றத்தில் 50 லட்சம் பவுண்டு அபராதம். 75 லட்சமாக இருந்திருக்க வேண்டியது, ஒப்புக்கொண்டதற்காக மூன்றில் ஒரு பங்கு கழிந்தது. வருஷத்துக்கு நூறு கோடி பவுண்டுக்கு மேல் வரவு பார்க்கும் குழுமத்துக்கு இது எவ்வளவு வலித்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எனக்குத் தொகையைவிட நீதிபதி மைக்கேல் சேம்பர்ஸ் சொன்னது முக்கியமாகப் படுகிறது: நிறுவனத்தின் பழைய அறிக்கையைச் சுட்டிக்காட்டி, காரணம் மனிதத் தவறு இல்லை என்றார். ஒழுங்கான ஒரு முறை இல்லாததுதான் அடிப்படைக் குற்றம். அந்த ஊழியர்கள் குறையுள்ள ஓர் ஏற்பாட்டுக்குள் தங்களால் ஆனதைச் செய்தவர்கள் என்று எச்.எஸ்.இ.யும் சொன்னது.

எனக்கு இந்த வழக்கில் இன்னொரு கேள்வியும் உண்டு. தடையை மீறும் வசதி எதற்கு இருக்கிறது? இருக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் உண்மையிலேயே சென்சார் கெட்டுப்போன நாளில் மேலே மாட்டிய ஆட்களை இறக்க முடியாது, பழுது பார்க்கக் காலி ரயிலை நகர்த்த முடியாது. ஆகவே பூட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, சாவி யார் கையில், எந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு என்பதுதான் விஷயம். அன்றைக்கு ஒரே ஒருவர், "எத்தனை ரயில்? நாலா ஐந்தா? ஸ்டேஷனில் எத்தனை நிற்கிறது, எண்ணு" என்று கேட்டிருந்தால் போதும். விரல் விட்டு எண்ணுகிற கணக்கு. அந்தக் கேள்வியைக் கேட்பது யாருடைய வேலையாகவும் எழுதி வைக்கப்படவில்லை.

"கோஸ்டரில் போவதே ஆபத்து, எதற்கு இந்த வம்பு" என்பவர்களுக்கு இந்த விபத்து ஒரு சாட்சி மாதிரி தெரியும். எனக்கு நேர் எதிராகத் தெரிகிறது. 14 தலைகீழ்ச் சுற்றுக்கும் இந்த மோதலுக்கும் சம்பந்தமே இல்லை, இரண்டு ரயில்கள் ஓடும் குழந்தைகள் ரைடிலும் இதே மாதிரி நடக்கலாம். கொஞ்சம் சம்பந்தம் இருக்கிறதென்றால் ஒன்றே ஒன்று: இவ்வளவு நெருக்கமாகச் சுருட்டிய தடத்தில் ஒரு ரயில் எங்கே நிற்கிறது என்று ஒரு பார்வையில் பிடிப்பது கஷ்டம், அதனால் கண்ணைவிடக் கம்ப்யூட்டரை அதிகம் நம்ப வேண்டிய வண்டி அது.

ஸ்மைலர் 2016 மார்ச் 19-ல் திரும்ப ஓட ஆரம்பித்தது. இனிமேல் கம்ப்யூட்டர் நிறுத்திய ரயிலை விடவேண்டும் என்றால் மேல்மட்ட அனுமதி வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். அதாவது லிஃப்ட்டில் ரயில் நின்றுபோனால் அங்கே இருப்பவர் தானாக முடிவெடுத்து அதை விட முடியாது.